குழந்தை வண்டியில் கறிவேப்பிலை: ஹொல்ம்லியாவிலிருந்து ரொம்சோஸ் வரை

ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை. வெளியே மைனஸ் பதினொரு பாகை. நான் ஒரு கறிவேப்பிலை மரத்தைக் குழந்தை வண்டியில் படுக்கவைத்து ஒஸ்லோவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். குளிர்காலத்தில் வீடு மாறுகிறவர்கள், ஊருக்குப் போகும்போது செடியை இன்னொருவர் வீட்டில் விட்டுப் போகிறவர்கள், இலை மஞ்சளானால் நித்திரை வராதவர்கள், இது உங்களுக்காக எழுதியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயம் எனக்குப் பிறவிக்குணம். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆகவே அழகான காட்சிகளை இங்கே தேடவேண்டாம். ரயிலில் போகும்போது கடலைப் பார்த்தேன், ஆனால் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் தெரியாது.

மரம் என்னுடையது அல்ல, அக்காவுடையது. சிக்கலே அதுதான். அக்கா ரொம்சோஸில், நான் ஹொல்ம்லியாவில். ஒரே நகரத்தில் இருந்துகொண்டு மூன்று வருடம் நாங்கள் கதைக்கவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அக்கா தன் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்குச் சாப்பாட்டுக் கணக்கைத் தானே போட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், வந்திருந்த சனத்துக்கு முன்னால், "அக்கா, கணக்குப் பிழைச்சுப் போச்சு, சோறு காணாது" என்றேன். சொன்னபடியே சோறு போதாமல் போய்விட்டது. போதுமாக இருந்திருந்தால் அக்கா என்னை மன்னித்திருப்பார். சரியாகச் சொன்னவனை எப்படி மன்னிப்பது? "கரிநாக்கன்" என்று சொல்லிவிட்டு என் தொலைபேசி அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

போன கிறிஸ்மஸ் பூசை முடிந்து கோவில் வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நின்றபோது அக்கா தானாகவே என்னிடம் வந்தார். "நாங்கள் மன்னாருக்குப் போறம், அத்தான்ரை தங்கச்சிக்குக் கலியாணம். கறிவேப்பிலையை உன்னட்டை விட்டிட்டுப் போகட்டே?" மூன்று வருடத்தில் அவர் என்னோடு பேசிய முதல் வசனம் அது. கழுத்து வலிக்கும் அளவுக்குத் தலையாட்டினேன். அடுத்த நாளே மரம் வந்து சேர்ந்தது. மூன்றடி உயரம், பெரிய மண்சட்டி, இரசாயனம் எதுவும் போடாத மண். கூடவே ஒரு கட்டளையும் வந்தது. "கிழமைக்கு ஒருக்காப் புளிச்ச மோர் விடு. மறந்திடாதை. மோர்தான் அதுக்குச் சாப்பாடு."

நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? இங்கே கடையில் விற்கிற கூல்துர்மெல்க் என்ற புளித்த பாலை வாங்கி, தண்ணீர் விட்டு அடித்து, சொன்னபடியே ஊற்றினேன். இரண்டாவது கிழமை இலை மஞ்சளாகத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையெல்லாம் வெளிறியது. நுனி கருகியது. சாப்பாடு போதவில்லையாக்கும் என்று நினைத்துக் கிழமைக்கு மூன்று தரம் ஊற்றினேன். பயந்தவனின் கை சும்மா இராது என்பதை அப்போதுதான் கண்டேன். பிறகு இலைகள் உதிரத் தொடங்கின.

இணையத்தில் தேடினேன். அங்கேதான் இரண்டாவது பயம் காத்திருந்தது. சட்டியில் இயற்கை மண்ணை வைத்து, தண்ணீரின் தரத்தையும் புளிப்பையும் அளந்து, வேருக்கு என்ன நடக்கிறது என்று பொறுமையாக, அன்பாக, பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உலகத்தில் ஒரே ஒரு கூட்டம்தான். கஞ்சா வளர்க்கிறவர்கள். "உள்ளே போகும் தண்ணீரையும் அள, வெளியே வடியும் தண்ணீரையும் அள" என்று எனக்குச் சொல்லித்தந்த மகான்கள் அவர்கள்தான். நானோ சிறுபிள்ளைகளின் பாலர் பள்ளியில் வேலை செய்கிறவன். பொலிஸ் நற்சான்று இல்லாமல் அங்கே காலடி வைக்கமுடியாது. என் கைத்தொலைபேசியை யாராவது வாங்கிப் பார்த்தால், கறிவேப்பிலைக்காகத்தான் வாசித்தேன் என்று எந்த நொர்வேஜியர் நம்புவார்? ஒவ்வொரு தரமும் வாசித்துவிட்டு அழித்தேன். அழித்ததுதான் இன்னும் சந்தேகமாக இருக்கும் என்று பிறகு அதற்கும் பயந்தேன்.

கடைசியில், வெளிநாட்டில் வீட்டுத்தோட்டம் செய்கிற தமிழர்களின் முகநூல் குழு ஒன்றில் நித்யாவைக் கண்டேன். மதுரைக்காரி, லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறார், கணினி வேலை. வீட்டுக்குள் விளக்குக் கூடாரம் போட்டுக் கறிவேப்பிலை வளர்க்கிறார், அளக்கும் கருவிகள் எல்லாம் வைத்திருக்கிறார். படம் அனுப்பினேன். "ஃபோட்டோவ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணா. குழந்தைக்குக் காய்ச்சல், என்னால வர முடியல. செடியைத் தூக்கிட்டு வாங்க" என்றார். அக்கா திரும்பி வருவது அந்தச் சனிக்கிழமை பின்னேரம். அதற்குள் மரத்தை நித்யாவிடம் காட்டி, அப்படியே ரொம்சோஸுக்குக் கொண்டுபோய், தாங்கள் வருமுன் வைத்துவிடச் சொல்லி அக்கா தந்துபோன திறப்பால் வீட்டைத் திறந்து, அதன் ஜன்னலடியில் வைக்கவேண்டும். இதுதான் திட்டம்.

கார் இல்லை. கையில் தூக்கிப் போனால் குளிரில் மரம் செத்துவிடும். மேல்மாடிப் பெண் தன் பழைய குழந்தை வண்டியைத் தந்தார். மரத்தைச் சாய்த்து வைத்து, சட்டியைத் துவாயால் சுற்றி, இரண்டு சுடுதண்ணீர்ப் போத்தல்களை அணைத்து, மேலே பஞ்சுப் போர்வை மூடி, அதற்கும் மேலே மழைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையை இழுத்துவிட்டேன். காலை பத்தேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கினேன். நிலையத்துக்கு எழுநூறு மீற்றர்தான். பனி உறைந்து வழுக்கியது. வண்டி சாய்ந்தால் மரம் போச்சு, மரம் போனால் அக்கா போச்சு என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன்.

ஹொல்ம்லியாவிலிருந்து உள்ளூர் ரயிலில் ஒஸ்லோ மத்திய நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். குழந்தை வண்டிக்குத் தனிச்சீட்டு வேண்டாம், வண்டி வைப்பதற்கென்றே இடம் விட்ட பெட்டி இருக்கிறது. அதில் ஏறுங்கள். பக்கத்தில் ஒரு வயதான நொர்வேஜியப் பெண்மணி இருந்தார். வண்டியைப் பார்த்துப் புன்னகைத்தார். "எவ்வளவு அமைதியான பிள்ளை! எத்தனை மாதம்?" என்று அவருடைய மொழியில் கேட்டார். மரம் என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் முந்திவிட்டது. "இரண்டு வருடம்" என்றேன். பொய் இல்லை, மரத்தின் வயது அதுதான். பெண்மணி குனிந்து உறைக்குள்ளே பார்த்தார். போர்வைக்கு வெளியே ஒரு வெளிறிய கொப்பு நீட்டிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார், இறங்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

மத்திய நிலையத்தில் மின்தூக்கியைத் தேடி அலையவேண்டியிருந்தது, அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விரைவு ரயிலில் லில்லெஸ்ட்ரோமுக்கு மலைக்குள் போகும் சுரங்கப்பாதையால் இன்னொரு பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒன்றைக் கவனியுங்கள், லில்லெஸ்ட்ரோம் அடுத்த கட்டண மண்டலம். ஒஸ்லோ மாதச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்கள் கூடுதல் சீட்டு எடுக்கவேண்டும். நான் எடுத்திருந்தேன். எடுத்திருந்தும், சுரங்கத்துக்குள் சீட்டுப் பரிசோதகர் வந்தபோது அவர் கேட்குமுன்னமே சீட்டை நீட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். மோர் ஊற்றிய மண், சுடுதண்ணீர்ச் சூட்டில் ஒரு வாடை விட்டுக்கொண்டிருந்தது. "குழந்தைக்கு உடை மாற்றவேண்டும் போலிருக்கிறது" என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுசன் நல்லா இருக்கவேண்டும்.

நித்யாவின் வீடு நிலையத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள். கதவைத் திறந்தவர் வண்டியைக் கண்டதும் வாயைப் பொத்திச் சிரித்தார். "ஐயோ அண்ணா, ஸ்ட்ரோலர்லயா கொண்டு வந்தீங்க? சீக்கிரம் உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க." படுக்கையறைக் கதவிடுக்கால் ஊதா வெளிச்சம் கசிந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டுவிட்டார். "அதானே! எங்க பில்டிங் கமிட்டில இருந்து ரெண்டு பேர் வந்தாங்க, கஞ்சாங்கற டவுட்ல. ஆளுக்கு ஒரு கொத்துக் கிள்ளிக் குடுத்தேன், மோந்து பாத்துட்டுப் போனாங்க. இப்ப அதுல ஒருத்தர் மீன் சூப்புக்கு வேணும்னு வாராவாரம் வந்து நிக்கறார்."

மரத்தை வெளியே எடுத்ததும் சிரிப்பு நின்றது. குனிந்து மண்ணை மோந்தார். "என்னண்ணா ஊத்தினீங்க?"

"மோர்."

"எவ்ளோ?"

சொன்னேன். அவர் பேனா அளவில் ஒரு கருவியைக் கொண்டுவந்து, முதலில் குழாய்த் தண்ணீருக்குள் வைத்தார். புளிப்பா காரமா என்று காட்டும் எண் அது, பிஎச் என்பார்கள். ஏழு நடு. கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். குழாய்த் தண்ணீர் எட்டுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. பிறகு அதே தண்ணீரைச் சட்டியில் மெதுவாக ஊற்றி, அடியில் வடிந்ததைத் தட்டில் பிடித்து அளந்தார். நாலரை. கறிவேப்பிலை ஆறு, ஆறரையில் சுகமாக இருக்கும் மரம். இது புளியாணத்துக்குள் நின்றுகொண்டிருந்தது.

"தண்ணி காரமாய்த்தானே இருக்குது, தங்கச்சி? அது புளிப்பைச் சரிக்கட்டாதோ?" என்று கேட்டேன்.

"அதான் எல்லாரும் ஏமாறுற இடம். நம்பர் மட்டும்தான் எட்டு. தண்ணிக்குள்ள சுண்ணாம்பே கிடையாது, ரொம்ப மெல்லிசான தண்ணி. கொஞ்சம் புளிப்பு விழுந்தாப் போதும், தாங்காம சரிஞ்சிரும். உங்க வீட்டுக் கெட்டிலைத் திறந்து பாருங்கண்ணா. உள்ள வெள்ளையா ஏதாச்சும் படிஞ்சிருக்கா?"

இருபது வருடமாக இங்கே தேநீர் குடிக்கிறேன். கேத்திலுக்குள்ளே எதுவும் படிந்து கண்டதில்லை. மன்னாரில் எங்கள் கேத்திலுக்குள் சுண்ணாம்பு கல்லாக இறுகிக் கிடக்கும்.

"பாத்தீங்களா? எங்க ஊர்லயும் மோர் ஊத்துவாங்க. அங்க அது மருந்து, தண்ணியில இருக்கற சுண்ணாம்பை முறிச்சு இலையைப் பச்சையாக்கும். இங்க முறிக்க ஒண்ணுமே இல்ல."

பிஎச் ஏற்றுகிற போத்தல் மருந்து ஒன்று அலமாரியில் தெரிந்தது. இதை விட்டால் உடனே சரிவருமே என்று அவசரப்பட்டேன். நித்யா கையை உயர்த்தினார். "இது உயிருள்ள மண்ணுண்ணா. உள்ள புழு, பூஞ்சை எல்லாம் இருக்கு, அதுங்கதான் செடிக்குச் சமைச்சுப் போடுது. ஒரே நாள்ல ஏத்தி இறக்கினா அதுங்க செத்துரும்." மேல் மண்ணில் இரண்டு விரற்கடை சுரண்டி எடுத்தார். அடியில் பால் திரைந்த மாதிரி ஒரு படலம், நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். புதிய கம்போஸ்ட்டோடு தோட்டக்கடையில் விற்கிற சுண்ணாம்புத் தூள் ஒரு கைப்பிடி கலந்து போட்டார். ஓரத்தில் மண்ணைத் தள்ளி ஒரு வேரைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. "உசிரு இருக்கு. வாடினா மட்டும் தண்ணி விடுங்க. குழாய்ல பிடிச்ச ஐஸ் தண்ணியை ஊத்தாதீங்க, முதல் நாளே பிடிச்சு வச்சு ஊத்துங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தை இருமியதால் தப்பித்தேன்.

வெளியே வந்து நிலையத்தை நோக்கித் தள்ளும்போதுதான் விஷயம் உறைத்தது. மரத்தைக் கெடுத்தது என் மூன்று தரம் மட்டும் அல்ல. மோர் அக்காவின் கட்டளை. நான் சொல்லாமல் விட்டால், அடுத்த கிழமை அக்கா பாசத்தோடு ஒரு செம்பு மோரை ஊற்றுவார், மரம் செத்துவிடும். சொன்னால், மறுபடியும் நான் சரி, அக்கா பிழை. போனதரம் அதற்கு மூன்று வருடம் பிடித்தது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அக்காவுக்கு இன்னும் கூட. இப்படி இன்னும் எத்தனை மூன்று வருடம் எங்களிடம் இருக்கிறது?

விமான நிலையத்திலிருந்து வரும் ரயில்களும் லில்லெஸ்ட்ரோமில் நிற்கும். அக்கா அதில் ஒன்றில் இருந்துவிட்டால் என்ற நினைப்பில் மேடையில் ஒரு தூணுக்குப் பின்னால் வண்டியோடு ஒளிந்து நின்றேன். கைத்தொலைபேசி அடித்தது. அக்கா.

"டேய் தம்பி, நாங்கள் வீட்டை வந்திட்டம். பிளேன் வெள்ளெனவே வந்திட்டுது. ஜன்னலடி வெறுமையாய்க் கிடக்குது, மரம் எங்கை?"

"கொண்டு வந்துகொண்டிருக்கிறன் அக்கா."

"இந்தக் குளிருக்குள்ளை ஏன்டா வெளியிலை கொண்டு திரியிறாய்?"

பதில் சொல்லுமுன் ரயில் வந்து காப்பாற்றியது. மத்திய நிலையத்தில் இறங்கி, நிலத்தடி ரயிலுக்கு மாறவேண்டும். ஐந்தாம் இலக்கம், வெஸ்ட்லி போவதில் ஏறுங்கள், இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. போகும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். ரொம்சோஸ் நிலையம் பாறையைக் குடைந்து கட்டியது, உள்ளே காற்று அடிக்காது. அங்கேயே நின்று சுடுதண்ணீர்ப் போத்தல்களைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிவிட்டன. இனி நிற்கமுடியாது.

அத்தான் வரவேற்பறையில் உறங்கிக்கொண்டிருந்தார். பெட்டிகள் திறக்கப்படவில்லை. அக்கா குசினிக்குள் நின்று ஒரு செம்பில் மோர் அடித்துக்கொண்டிருந்தார். மரத்துக்குத்தான்! மரத்தைக் கண்டதும் அகப்பை நின்றது. "என்னடா இது, மொட்டையாய் நிக்குது?"

ஒத்திகை பார்த்தது எல்லாம் பறந்துவிட்டது. ஒன்றே ஒன்றைச் செய்தேன். குசினிக் கதவைச் சாத்தினேன். அத்தானுக்குக்கூடக் கேட்கக்கூடாது.

"அக்கா, இந்தக் கேத்தில் வாங்கி எவ்வளவு காலம்?"

"பத்து வரியம் இருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"உள்ளுக்கை பாருங்கோ."

விரலை விட்டுத் தடவினார். "துப்பரவாய்த்தான் இருக்குது."

"அம்மான்ரை கேத்தில் எப்பிடி இருக்கும்?"

"அது சுண்ணாம்புக் கல்லெல்லோ. இப்பவும் அங்கை அப்பிடித்தான். தேசிக்காய்ப் புளி பிழிஞ்சு விட்டுக் கொதிக்க வைச்சுத்தான் கழட்டுறவை." செம்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். மெதுவாக, "அப்ப மோரும் தேசிக்காய் மாதிரித்தான் எண்டுறியோ?" என்றார்.

"ஓம் அக்கா. இஞ்சத்தைத் தண்ணியிலை கழட்ட ஒண்டுமில்லை. அது வேரைத்தான் கழட்டும்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். உப்புப் போத்தல் திறக்கும் சத்தம் கேட்டது. பச்சை மிளகாய் நறுக்கும் சத்தம் கேட்டது. செம்பு என் முகத்துக்கு நேரே வந்தது. "இந்தா, நீ குடி."

குடித்தேன். நல்ல புளிப்பு. பாதி குடிக்கும்போது அக்கா கேட்டார், "நீ எத்தினை தரம் விட்டனீ?"

"கிழமைக்கு மூண்டு."

"மூண்டோ! நான் ஒருக்கா எண்டெல்லே சொன்னனான்!" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். நாற்பது வருடத்துக்குப் பிறகு வாங்கிய குட்டு. வலித்தது. ஆனால் அக்காவின் குரலில் உயிர் வந்துவிட்டது, அது எனக்குப் போதும்.

இனி, போகிறவர்களுக்கு. ஐந்து பாகைக்குக் கீழே கறிவேப்பிலையை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் வண்டி, போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், அத்தோடு நிலையங்களுக்குள் நின்று நின்று போவது. குழாய்த் தண்ணீரின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம், சட்டிக்கு அடியில் வடிவதை அளந்து பாருங்கள். மலிவுக் கருவி போதும், ஆனால் கூடவே வரும், புளிப்பு எண் தெரிந்த கரைசலில் வைத்து அடிக்கடி சரிபார்க்கவேண்டும். நீங்கள் இருக்கும் ஊரின் கேத்திலுக்குள் வெள்ளை படிந்தால் எப்போதாவது கொஞ்சம் மோர் விடலாம், படியாவிட்டால் நீங்களே குடியுங்கள். மண்ணை அவசரமாகத் திருத்தாதீர்கள், கெடுத்ததை விட நீண்ட காலம் எடுத்துத்தான் அது திரும்பும். எங்கள் மரம் சித்திரை வரை ஒரு துளிர் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ரொம்சோஸுக்குப் போய்ப் பார்த்தேன். பார்க்கவேண்டியது மரத்தையாம், அப்படித்தான் வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து சில கிழமையில் கோவில் மண்டபத்தில் தேநீர் நடந்தது. சாமத்தியவீட்டுக்கு வந்திருந்த அதே சனம். நடுவிலே அக்கா, கைத்தொலைபேசியில் துளிரின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "இஞ்சத்தைத் தண்ணிக்கு மோர் ஆகாது, விளங்குதோ? என்ரை தம்பி கிழமைக்கு மூண்டு தரம் விட்டு மரத்தைச் சாக்காட்டப் பாத்தவன். நான்தான் கேத்திலைப் பாத்துக் கண்டுபிடிச்சுக் காப்பாத்தினனான்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடித்தானே, தம்பி?"

"ஓம் அக்கா," என்றேன். "நீங்கள்தான்."